றஹீமின் கோல்காப்பாளர் அட்டை

14 ஓகஸ்ட் 2024, புதன்

முதலில் ஒரு திருத்தம். இன்று பின்னேரம் குறிப்பெடுத்தபோது முதல் வரியிலேயே "அட்டை களவு போய்விட்டது" என்று எழுதினேன். "அட்டையைக் காணவில்லை" என்பதுதான் எனக்குத் தெரிந்தது. மரியநாயகி அக்கா அதை வாசித்துவிட்டு, "களவு" என்ற சொல்லைப் பேனையால் ஒருமுறை தட்டினார். வெட்கமாக இருந்தது. இனி நடந்ததை மட்டும் எழுத முயல்கிறேன்.

ஆங்கில மாலை வகுப்பில் என்னோடு படிக்கும் நௌபர், இன்று வகுப்பு வாசலில் ஒரு பிஸ்கற் தகரத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"வித்தியா, என்னை உங்கடை அக்காவிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாளைக்குப் புத்தளத்திலையிருந்து வாப்பா வாறார்."

மரியநாயகி அக்கா காப்புறுதிக்காரருக்கு வாகன விபத்துகளை விசாரித்துக் கொடுப்பவர். அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது நான். மானிப்பாய் பஸ்ஸில் எனக்கு மட்டும் இருக்க இடம் கிடைத்ததால் தகரம் என் மடிக்கு வந்தது. வீதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் தூக்கிப் போட்ட போட்டில் என் தண்ணீர்ப் போத்தல் உருண்டு சாரதியிடம் போய்விட்டது. தகரம் மட்டும் சத்தமே போடவில்லை. அதன் மூடியிடுக்கிலிருந்து அம்மாவின் சேலை அலுமாரி வாசம் வந்தது. நான் தும்மிக்கொண்டே போனேன்.

அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். நௌபர் குடிக்கவில்லை.

சின்ன வயதில் அவருடைய வாப்பா றஹீமும் குருநகர் செபநாயகமும் சுவிங்கம் பக்கற்றோடு வரும் உதைபந்தாட்ட அட்டைகளைச் சேர்த்தவர்களாம். ஒரு கோல்காப்பாளர் அட்டைக்கு மட்டும் இருவரும் சண்டை பிடித்து, கடைசியில் ஆளுக்கு ஒரு மாதம் வைத்திருப்பதென்று முறை போட்டார்கள். கலியாணம் கட்டிய பிறகும் அந்த முறை நிற்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றியபோது அட்டை றஹீமின் சேட்டுப் பையில் புத்தளம் போனது. பின்னர் அதை அவர் நௌபரிடம் கொடுக்க, நௌபர் இந்தத் தகரத்தில் வைத்திருந்தார்; கூட இருக்கும் மற்ற அட்டைகள் நௌபர் தேடி வாங்கியவை.

"நாளைக்கு வாப்பா அதைச் செபநாயகம் மாமாவின்ரை கையிலை குடுக்கப் போறார். அவரின்ரை முறை அப்பவே வந்திட்டுதாம். இப்ப அட்டை இல்லை!"

"கடைசியா ஆர் தகரத்துக்குக் கிட்டப் போனது?"

"செபநாயகம் மாமாவின்ரை மகன் றஜிந்தன். நேற்று வீட்டை வந்தவன். பின்னேரம் நான் அஸர் தொழப் போன நேரம் அறையிலை தனிய இருந்தான். போகேக்கை, 'இனி எங்கடை முறை, மச்சான்' எண்டு சிரிச்சவன். இண்டைக்குக் காலமை தகரத்தைத் திறந்தால் இல்லை."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அக்காவுக்குப் போதவில்லை. தகரத்தைக் காதருகே வைத்து ஆட்டினார். பிறகு மூடியைத் திறந்தார். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் அட்டையாக, நிமிர்ந்து நெருக்கமாக நின்றன.

"எப்பிடித் தேடினனீங்கள்?"

"ஒவ்வொண்டாச் சாய்ச்சு முகத்தைப் பாத்தனான். மூண்டு தரம்."

"வெளியிலை எடுக்கேல்லையோ?"

"இல்லை, அக்கா. கீழை விழுத்திப்போடுவன் எண்டு பயம்."

"பூச்சி உருண்டை போட்டது ஆர்?"

நௌபர் திகைத்தார். "நான்தான். வெள்ளிப்பூச்சி அட்டையை அரிக்குமெண்டு ஒரு பிடி போட்டனான். எல்லாம் கரைஞ்சு போச்சு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இவள் வாசலிலையே தும்மிக்கொண்டு வந்தாளே." அக்கா என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸிலை தகரம் கிலுகிலுத்ததோ?"

"இல்லை."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போத்தல் உருண்டது நினைவுக்கு வந்த பிறகுதான் தலையை உறுதியாக ஆட்டினேன்.

"ஒரு பெட்டியை ஆரும் எடுத்திருந்தால் இடைவெளி விழுந்திருக்கும். மற்றதெல்லாம் உந்த றோட்டிலை தாளம் போட்டிருக்கும். பெட்டி குறையேல்லை, நௌபர். ஒரு முகம்தான் குறையுது."

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். நடுவிலிருந்து வந்த ஒன்று மற்றவற்றைவிட இரண்டு மடங்கு தடிப்பாக இருந்தது. அதன் ஓரத்தில் விரலை வைத்தார். பிளாஸ்ரிக் இளகிப் பிசுபிசுத்தது.

"உருண்டை காத்தோடை மட்டும் போகேல்லை. இந்தப் பிளாஸ்ரிக்கையும் இளக்கியிருக்கு. நெருக்கி வைச்ச பெட்டியள் ரெண்டு ஒட்டி ஒண்டாப் போச்சு. நீங்கள் சாய்க்கேக்கை ரெண்டும் சேந்து சாய்ஞ்சிருக்கு. முன்னுக்கு நிண்டவன் பின்னுக்கு நிண்டவனை மறைச்சுப்போட்டான்."

விளக்கில் பிடித்து ஓரமாகப் பார்த்தபோது இரண்டாவது அட்டையில் கோல்காப்பாளரின் பச்சைச் சட்டைக் கை தெரிந்தது. நௌபர் அழுதாரோ சிரித்தாரோ, என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டிகளைப் பிரிக்க உடனே ஒரு கத்தி தரச் சொன்னார்.

"கத்தி வைச்சால் அட்டையும் கிழியும். ஒட்டினபடியே குடுங்கோ. உங்கடை வாப்பாவும் செபநாயகமும் யோசிக்கட்டும்."

நௌபரின் முகம் அப்போதும் தெளியவில்லை. போனை எடுத்து மேசையில் வைத்தார். மத்தியானம் றஜிந்தனுக்கு அவர் அனுப்பிய எஸ்.எம்.எஸ்: "கள்ளா, உன்ரை அப்பாவுக்குச் சொல்லுவன்."

"பதில்?"

"மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிட்டான். போன் வீட்டிலை. விடியத்தான் கரைக்கு வருவான்."

எங்கள் இருவரின் முதல் வரியும் ஒரே பிழை. என்னுடையதை வெட்டித் திருத்தினேன்.

நாளை வேலை: விடிய முன்னர் நௌபரோடு குருநகர்க் கரைக்குப் போக வேண்டும். றஜிந்தன் வீட்டுக்குப் போய்ப் போனைப் பார்க்க முன், அவனைக் கள்ளன் என்று எழுதியது பிழையென்று நௌபர் தன் வாயாலேயே அவனிடம் சொல்ல வேண்டும். தகரத்தை நான் பிடித்துக்கொள்வேன்.