பழைய காருக்குப் புது ஸ்டிக்கர்

கரமனையில் உமாசங்கர் வீட்டில் முதல் மரியாதை காருக்குத்தான். வருகிற விருந்தாளிகள் வெயிலில் நின்று செருப்பைக் கழற்ற வேண்டும். அந்தப் பழைய பியட் மட்டும் நிழலில் போர்வை போர்த்திக்கொண்டு சுகமாக நிற்கும்.

வித்துராவில் ஒரு கிடங்குக்குப் பின்னால், என்ஜின் மூடி இல்லாமல் வெயிலில் கிடந்த கார் அது. உள்ளே கோழிகள் குடியிருந்தன. அதை வாங்கி வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் உமாசங்கர், ஒரு ஞாயிறு விடாமல் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். பத்து வயது மகள் திவ்யலட்சுமி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது ஒரே ஒரு வேலைதான் மிச்சம். என்ஜினுக்குப் பக்கத்தில், காற்றை வடிகட்டும் கறுப்பு டப்பாவில் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருந்தது. அது வெளுத்த ஆரஞ்சு நிறத்தில், எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. கனகக்குன்னு மைதானத்தில் பழைய கார்களின் போட்டிக்கு இன்னும் ஐந்து நாள்.

“இதை மட்டும் நான் செய்யட்டுமாப்பா?” என்று கேட்டாள் திவ்யா.

“செய்யி மக்கா. சரியா வரல்லைன்னா கடையில குடுத்துருவேன், கேட்டியா?”

திவ்யா ஸ்டிக்கரைப் படம் எடுத்தாள், ஸ்கேல் வைத்து அளந்தாள். கம்ப்யூட்டரில் தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, தனி வகைத் தாள் ஒன்றில் அச்சடித்தாள். தண்ணீரில் போட்டால் படம் மட்டும் மெல்லிய தோலாக வழுக்கி வரும் தாள் அது. வீட்டில் மூன்றுதான் இருந்தன.

முதல் தாளைத் தண்ணீரில் போட்டாள். மை மொத்தமும் கரைந்து கிண்ணம் ஆரஞ்சு நிறமானது.

அம்மா ஸ்வப்னா எட்டிப் பார்த்தாள். “என்ன பிள்ளே, ரசம் வைக்கியா?”

“வார்னிஷ் அடிக்க மறந்துட்டேம்மா.” திவ்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இரண்டாவது தாளுக்கு மூன்று முறை வார்னிஷ் அடித்துக் காயவைத்தாள். இந்தமுறை படம் அழகாக வழுக்கி வந்தது.

“கொள்ளாம். ஒட்டிருவோம்,” என்றார் அப்பா. பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுப்பதற்காக, டப்பாவைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையைக் கழற்றினார்.

“அப்பா, நில்லுங்க. இங்கன பாருங்க.”

பட்டை மறைத்திருந்த இடத்தில் பழைய ஸ்டிக்கரின் ஓரம் நக அகலத்துக்குத் தெரிந்தது. அது ஆரஞ்சு இல்லை, நல்ல சிவப்பு.

“இதுதான் உண்மையான நிறம். மத்தது வெயில்ல வெளுத்திருக்கு. நாம வெளுத்ததைப் பாத்து காப்பி அடிச்சிருக்கோம்.”

“ஆரு மக்கா இதெல்லாம் பாக்கப் போறா?”

“நான் பாப்பேன்,” என்றாள் திவ்யா.

மிச்சம் ஒரே தாள். அவள் அவசரப்படவில்லை. சாதாரணத் தாளில் பன்னிரண்டு விதச் சிவப்பை அச்சடித்து, ஒவ்வொன்றையும் அந்த ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவது சிவப்பு அச்சாகப் பொருந்தியது. அதன் பிறகுதான் கடைசித் தாளைத் தொட்டாள். ஸ்டிக்கர் டப்பாவில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

போட்டியன்று நடுவராக வந்தவர் சுசீலாபாய் டீச்சர். என்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்தவர். டார்ச் அடித்து என்ஜினைக் குடைந்து பார்த்தார்.

“அதிசயம்தான். இத்தன வருஷம் ஆயிட்டும் ஸ்டிக்கர் ஒரிஜினலாயிட்டு இருக்கே. இதுக்கு முழு மார்க்கு,” என்று எழுதத் தொடங்கினார்.

அப்பா மகளைப் பார்த்தார். முழு மார்க் கிடைத்தால் முதல் பரிசே வரலாம். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதற்காகத்தானே. அது திவ்யாவுக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு சிவப்பில் அவள் தேடிப் பிடித்த சிவப்பல்லவா அது? அதை ஏதோ ஒரு தொழிற்சாலை செய்ததாக எழுதினால் எப்படி?

“டீச்சர், அது ஒரிஜினல் இல்ல. நான் வீட்டுல செஞ்சது.”

டீச்சரின் பேனா நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார். “நீயா?”

திவ்யா எல்லாவற்றையும் சொன்னாள். ரசத்தையும் விடவில்லை.

“அப்போ மூணு மார்க்கு குறையுமல்லோ, மோளே?”

“குறையட்டும் டீச்சர்,” என்றார் அப்பா. நெஞ்சு நிமிர்ந்திருந்தது. “எனக்க மவ செஞ்சதுன்னு எழுதுங்க.”

இரண்டே மார்க்கில் முதல் பரிசு போனது. அதை வாங்கியவர் பிஜி என்பவர். அவரிடமும் அதே மாதிரி பியட் இருந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் நேராக இவர்களிடம் வந்தார். அப்பாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, திவ்யாவிடம் குனிந்தார்.

“மோளே, என்டெ வண்டியில அந்த ஸ்டிக்கரே இல்ல. ஒண்ணு செஞ்சு தருமோ?”

திவ்யா வாயைத் திறப்பதற்குள், அப்பா இரண்டாம் பரிசுக் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தார்.

“மேடத்துக்கு வியாழக்கிழமை வரைக்கும் பரீட்சை உண்டு. அதுக்குப் பொறவு பாப்போம்.”