சத்தமில்லாத டிஸ்க்

காலையில் அழித்த வீடியோ மத்தியானம் திரும்பவும் பட்டியலில் இருந்தது.

இரவெல்லாம் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு முன்னால் வெந்துவிட்டு வந்து, தலையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல், அவன் முதல் வேலையாகச் செய்தது அதை அழித்ததுதான். கண்ணால் பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, கேமராப் பெட்டியை அணைத்துவிட்டுப் படுத்தான். இப்போது மணி இரண்டு. பகலில் தூங்குவதற்காகப் போட்ட கனத்த திரைச்சீலைகளுக்குப் பின்னால் அறை இருட்டாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து மருந்தும் பவுடரும் கலந்த அவன் அப்பாவின் வாசனை, அவர் போய் ஒரு மாதமாகியும், கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

மனைவி பல் மருத்துவமனை வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "சாயங்காலம் தம்பி வர்றான். அந்தப் பெட்டியில அப்பா வீடியோ இருக்குல்ல, எல்லாத்தையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கணும் போல இருக்குங்க."

மாமனாரை அவளும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் அவன் முகத்தை அவள் பார்க்கமாட்டாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போய், உடம்பில் வலது கை ஒன்றுதான் மிச்சம் என்றானபோது அவர் அறையில் கேமரா வைத்தார்கள். அதன் பெட்டி, முகப்பில் ஒரு சின்னத் திரையோடு, இவன் தலைமாட்டு அலமாரியில் இருந்தது. அதற்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அப்பா கை அசைந்தால் கேமரா விழித்துக்கொள்ளும், டிஸ்க் உர்ரென்று சுற்றத் தொடங்கி டக்டக்கென்று எழுதும், அந்தச் சத்தத்தில் இவன் எழுந்து போவான். யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. ஆனாலும் ஒரு வருடம் அவர் இவனைக் கூப்பிட்டது அந்த டிஸ்க் வழியாகத்தான்.

பகலில் பத்துத் தடவை கூப்பிட்டார். தண்ணீர், தலையணை, சில சமயம் சும்மா. தூக்கமில்லாமல் அவனுக்குத் தலை கிறுகிறுத்தது. கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மனைவியின் தம்பியிடம் போய் நின்றான்.

"ஹார்ட் டிஸ்க்கே இருக்கட்டும் மாமா," என்றான் அவன். "ஓயாம எழுதுற பெட்டிக்கு அதுதான் லாயக்கு. சாகப்போறதுன்னாகூட சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் சாகும். எஸ்எஸ்டி டிஸ்க்ல சுத்தறதே ஒண்ணும் கிடையாது, மூச்சு விடாது."

"அதான் எனக்கு வேணும். சத்தமே வரக்கூடாது."

ஒற்றைக்காலில் நின்று வாங்கினான். கடையில் கிடந்த பழைய எஸ்எஸ்டி ஒன்றை மச்சான் மாட்டிக் கொடுத்தான். மனைவியிடம் பழையது கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னான்.

பத்தாம் நாள், ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எழுந்து, உடம்பு பஞ்சாக இருக்க, அப்பா அறைக்குப் போனான். உடம்பு சில்லிட்டிருந்தது. "தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்து வச்சவர்" என்று மனைவி அழுதாள். அன்று தனியாக உட்கார்ந்து பெட்டியில் பதிந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். பகல் பதினொன்று இருபதிலிருந்து மூன்று மணி வரை, அந்த ஒரு கை கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது. பெட்டியை அணைத்தவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இன்று காலைவரை அதைத் தொடவும் இல்லை.

மச்சானுக்குப் போன் போட்டான்.

"அழிச்சது திரும்ப வருது மாப்ள."

"தேஞ்சு போச்சு மாமா. ஆயுசு முடிஞ்சா எஸ்எஸ்டி தன்னைத்தானே பூட்டிக்கும். அழிச்ச மாதிரி காட்டும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழசு அப்படியே நிக்கும். ஆமா, எதை அழிச்சீங்க?"

"சும்மா... காலி ரூம்." திரையைப் பார்த்தபடியே கேட்டான். "உள்ள இருக்கறது மாறுமா?"

"ஒரு புள்ளிகூட மாறாது."

நிம்மதியில்லாமல் அதை ஓடவிட்டான். கட்டில். கை. கம்பி. படத்தின் இடது ஓரத்தில் அறைக் கதவு, ஒரு சாண் திறந்திருந்தது.

அன்று கதவு மூடியிருந்தது. அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அழித்தான். அணைத்துப் போட்டான். வீடியோ வந்தது. கதவு முழுக்கத் திறந்திருந்தது. நிலைப்படியில் பனியன் போட்ட ஒரு ஆள். முடியில் மாவு.

"நான் வரலையே," என்று திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னான்.

வரவில்லைதான். ஆனால் அன்று நடுவில் ஒருமுறை விழிப்பு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டொக் என்று மெல்லிய ஓசை. எழப்போனவன் தலைமாட்டைப் பார்த்தான். பெட்டி சும்மா இருந்தது. பெட்டியே சும்மா இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு புரண்டு படுத்தான். எஸ்எஸ்டி சத்தம் போடாது என்று அந்த நொடியில் அவனுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். நன்றாகத் தெரியும். வேண்டுமென்றுதான் மறந்தான்.

மறுபடி அழித்தான். ஆள் அறைக்குள் வந்திருந்தான்.

அழித்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

அழிக்க அழிக்க நெருங்கினான். விட்டுவிடலாம். இத்தோடு விட்டால் நிற்பான். ஆனால் நிற்பதை அவள் பார்ப்பாளே. விரல் கேட்கவில்லை.

அழித்தான்.

தலைமாடு.

அழித்தான்.

அதற்குள் சாயங்காலமாகிவிட்டிருந்தது. மாடிப்படியில் காலடி. இரண்டு பேர். மச்சான் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். பூட்டில் சாவி திரும்பியது.

மின் கம்பியைப் பிடுங்கினான். பெட்டியின் விளக்கு அணைந்தது.

திரை அணையவில்லை.

"தூங்கலையா இன்னும்?" கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவள் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். "ஐயோ, அப்பா..." என்று ஆசையாகக் குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே பின்வாங்கினாள். அவள் தோளுக்குப் பின்னால் மச்சானும் எட்டிப் பார்த்தான்.

கட்டிலில் அப்பாவின் கை கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. பனியன் போட்டவன் அவர்மேல் குனிந்து, அழுகிற குழந்தையை அமர்த்துவதுபோல, ஒரு கையால் அவர் வாயை மெதுவாகப் பொத்தியிருந்தான். அப்பாவின் கண்கள் அகலத் திறந்து அவனையே பார்த்தன. பொத்தியவன் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பினான். அவன் கண்கள் மூடியிருந்தன. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.