வலித்தால் கையைத் தூக்கவும்

பேகம்பூர்ப் பள்ளிவாசலைத் தாண்டிப் போகும் சந்தில், ஒரு பழைய ஓட்டு வீட்டில் அந்தப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை. வெயிலுக்குப் பயந்து நாய்கூடச் சாக்கடை ஓரம் ஒண்டிக் கிடந்தது. மரியராஜ் பைக்கை நிறுத்தியும் பின்னால் இருந்த அன்னாள் இறங்கவில்லை.

"மெஷின நீங்க பாத்தப்புறந்தான் நான் வாயத் தெறப்பேன்," என்றாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"அதுக்குத்தான வந்திருக்கோம். எறங்கு."

செம்பட்டியிலிருந்து கொடைரோடு வரை பல் டாக்டர்களின் ஹேண்ட்பீஸ்களைப் பழுது பார்ப்பதுதான் மரியராஜின் பிழைப்பு. பல்லைக் குடையும்போது கீச்சென்று கத்துமே, அதுதான் ஹேண்ட்பீஸ். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பயில்வானும் வாயை மூடிக்கொள்வான். அன்னாளைக் கேட்கவே வேண்டாம். ஒரு வாரமாகக் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டியும் டாக்டர் பக்கம் போகமாட்டேன் என்று அடம் பிடித்தவள், புருஷன் கைபட்ட மெஷின் என்ற ஒரே தைரியத்தில் இன்று வந்திருந்தாள். அந்த நம்பிக்கை அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

டாக்டர் கௌசல்யா இந்த இடத்தை எடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. முன்பிருந்த டாக்டர் நாற்காலி, மெஷினுக்குக் காற்றுக் கொடுக்கும் கம்ப்ரசர், ஹேண்ட்பீஸ் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊரைவிட்டே போயிருந்தார்.

"வைத்தியம் முடிஞ்சு போறவங்க மறுநாள் கன்னத்துக்குள்ள வெந்துபோயி வர்றாங்கண்ணே," என்றாள் கௌசல்யா. "ஏன்னு தெரியல."

மரியராஜுக்குத் தெரியும். ஹேண்ட்பீஸ் தலையின் பின்பக்கம் ஒரு மூடி உண்டு. ஓடும்போது அது கன்னத்தில் அமுங்கினால் உள்ளே உரசிச் சூடேறும். பேரிங் தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். ஊசி போட்டு மரத்துப்போன வாய்க்கு அந்தச் சூடு தெரியாது. மருந்து தெளிந்த பிறகுதான் தெரியும்.

கருவிகளைக் கழுவும் மேசையில் உட்கார்ந்து ஹேண்ட்பீஸின் தலையைக் கழற்றினான். எண்ணெய் கறுத்துப்போயிருந்தது. பேரிங்கை மாற்றி, புது எண்ணெய் விட்டு, டிஷ்யூ காகிதத்தின் மேல் ஓடவிட்டான். முதலில் கறுப்பாகத் தெறித்தது, பிறகு சுத்தமாக வந்தது. அதன் தலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். குளுகுளுவென்று இருந்தது.

பக்கத்தில் நின்ற நர்ஸ் நான்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "கையக் கீழ விடுங்க."

அவனுடைய இடது கை காதுக்கு மேலே உயர்ந்து நின்றது.

அவன் தூக்கவில்லை.

மெஷினை நிறுத்தினான். கை தானாக இறங்கியது.

கௌசல்யா சலிப்போடு சிரித்தாள். "உங்களுக்குமா? வலிச்சா இடது கையத் தூக்குங்கன்னு எல்லார்ட்டயும் சொல்லுவேன். தூக்குவாங்க. நிறுத்திட்டுக் கேட்டா, நான் தூக்கவே இல்லையேம்பாங்க. எம்புட்டு வாட்டிதான் நிறுத்துறது? இப்பல்லாம் கண்டுக்கிறது இல்ல." அதைச் சொல்லிவிட்டு அன்னாளுக்கு ஊசி போடப் போய்விட்டாள்.

நான்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தப் பழைய டாக்டர் இருந்தப்ப சுந்தரம்மாள்னு ஒரு அம்மா வந்துச்சாம். செம்பட்டிப் பக்கம் தக்காளித் தோட்டக்காரங்க. ஊசி சரியா ஏறல. வலி தாங்காம கையத் தூக்கிருக்கு. செத்த நேரம் பொறுங்கன்னு சொல்லி, கையப் புடிச்சு அமுக்கிட்டாங்களாம். உள்ள கன்னம் வெந்து, சீழ் வச்சு, அந்த அம்மா பொழைக்கலண்ணே."

மரியராஜ் வாசலைப் பார்த்தான். அன்னாளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் ஊசி ஏறி, அவள் உதடு ஒரு பக்கம் தொங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் வலியில்லாமல் கண் மூடியிருந்தாள். மெஷினில் குறை இல்லை, அதை அவனே பார்த்தாயிற்று. இனி வரப்போவது செத்துப்போன அந்த அம்மாவின் கைதான். அது தன் பெண்டாட்டியைத் தொடக்கூடாது என்று முடிவு கட்டினான்.

நான்சி அன்னாளைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை பச்சைத் துணியால் போர்த்தினாள். மரியராஜ் இடது பக்கம் போய் நின்று, துணிக்கு அடியில் கைவிட்டு அவள் கையைப் பற்றிக்கொண்டான். பயந்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். இன்று ஜில்லென்று இருந்தது.

"நான் இருக்கேன், பயப்படாத," என்றான்.

மெஷின் கத்தத் தொடங்கியது. அறையில் கிராம்புத் தைல வாசனை. தண்ணீர் பூவாகத் தெறித்தது.

கை அசைந்தது.

மெல்ல மேலே இழுத்தது. அவன் இறுக்கிப் பிடித்தான்.

இன்னும் பலமாக இழுத்தது. துணி எழும்பியது. கௌசல்யா ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீங்க ஓட்டுங்க மேடம்," என்றான் மரியராஜ். "இது அவ இல்ல."

இரண்டு கையாலும் பிடித்து நாற்காலியோடு அமுக்கினான். அந்த விரல்கள் அவன் விரல்களுக்குள் துடித்தன, நகம் அவன் தோலைக் கீறியது. தன் வீட்டுக்காரிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்ற வெறியில் முழங்காலையும் ஊன்றி அமுக்கினான்.

கிராம்பு வாசனைக்கு நடுவே வேறொரு வாடை வந்தது.

கறி தீய்கிற வாடை.

"மேடம், நிறுத்துங்க," என்று நான்சி கத்திவிட்டாள்.

மெஷின் நின்றது. நான்சி பச்சைத் துணியை உருவினாள். அன்னாளின் இரண்டு கைகளும் வயிற்றின் மேல் இருந்தன. முந்தானையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அசையாமல்.

மரியராஜ் குனிந்து பார்த்தான். தன் கைகள் வெறும் நாற்காலிக் கைப்பிடியை அமுக்கிக்கொண்டிருந்தன.

கௌசல்யா அன்னாளின் கன்னத்தை விலக்கினாள். வீங்கிய கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே இடம் போதாமல் ஹேண்ட்பீஸின் மூடி அமுங்கியிருக்கிறது. உள்தோல் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறி வெந்திருந்தது. முதல் தடவை கை எழும்பியபோதே நிறுத்தியிருந்தால் வெறும் சிவப்போடு போயிருக்கும்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே," என்று குழறினாள் அன்னாள். "ஏங்க, என்னாச்சு?"

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. அவர்களுக்காகச் சுந்தரம்மாளுக்கு இங்கே வலித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்லி அவள்தான் கையைத் தூக்கியிருக்கிறாள். இன்று தூக்கியது அன்னாளுக்காக. அதைப் பிடித்து அமுக்கியது அவன்.

புண்ணுக்கு மருந்து போட்டு, கௌசல்யா ஆஸ்பத்திரியை அன்றைக்கு மூடச் சொல்லிவிட்டாள். நான்சி கம்ப்ரசரை அணைத்தாள். ஹேண்ட்பீஸைக் குழாயிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். மரியராஜ் அன்னாளை வெளித் திண்டில் உட்கார வைத்து, கன்னத்தில் ஐஸ் ஒற்றிக்கொடுத்தான். தெருவில் வெயில் தாழ்ந்து, கடைகள் திறக்கத் தொடங்கியிருந்தன.

"ஏங்க," என்றாள் அன்னாள், வாய் கோணியபடி. "யாரக் கூப்புடுறீங்க?"

"யாரையும் இல்லையே."

"பின்ன கையத் தூக்கிட்டு நிக்கிறீங்க."

அவன் மேலே பார்த்தான். இடது கை தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது. எந்த மெஷினும் ஓடவில்லை.

கீழே இறக்கப் பார்த்தான். வரவில்லை. அவன் விரல்களுக்கு இடையே ஜில்லென்ற விரல்கள் கோத்திருந்தன.

இந்தத் தடவை அவன் அமுக்கவில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டான்.

அன்னாள் தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, இல்லை என்று தலையாட்டினாள். அந்த விரல்கள் அவன் கையை இறுக்கின.