ஏழாவது பெயர்

"ஏழாவது பேரை அடிச்சிடுங்கம்மா. எங்க நைனா சாகல!"

திருப்பதித் தமிழ் மன்றத்துக்குள் பச்சையம்மாள் நுழைந்த வேகத்தில் மேசைக் காகிதங்கள் பறந்தன. 'இந்த ஆண்டு மறைந்த நம் பெருமக்கள்' மலர் ஒரு மணி நேரத்தில் அச்சுக்குப் போகவேண்டும். தொகுப்பாளர் பிரேமலதா, சித்தூரில் போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஸ்டுடியோக்காரர் சலீமுக்குக் காது விடைத்தது.

ஏழாவது பெயர் துலுக்காணம், பச்சையம்மாளின் அப்பா. நாகலாபுரம் பக்கம் அறுபது கூலிக் குடும்பங்களுக்குப் பட்டா வாங்கித் தந்தவர். கார்த்திகையில் மகன் கோபிகிருஷ்ணனோடு காசிக்குப் போனார். திரும்பியது மகன் மட்டும்; அப்பா அங்கேயே இறந்துவிட்டதாகச் சொன்னான்.

"நெலத்தை வித்துடலாம்னு தம்பி குதிச்சுக்கினு இருந்தான். நைனா முடியாதுன்னுட்டாரு. இந்தப் புத்தகம் வந்துச்சுன்னா ஊரே நம்பிடும். அப்புறம் அவரைத் தேட யாரு வருவா?"

"உன் தம்பியைக் கூப்பிடு" என்றார் பிரேமலதா.

அரை மணியில் கோபி வந்தான். தலையில் இப்போதுதான் முடி துளிர்த்திருந்தது.

"காசி எப்படிப்பா?"

"செம குளிரு மேடம். ரெண்டு கம்பளி போத்திக்கினும் நடுங்குச்சு. அங்கயே கருமாதி முடிச்சேன். இதோ, அன்னிக்கு எடுத்த போட்டோ."

சலீம் போனை வாங்கிப் பார்த்தார். மழித்த தலை, அதன்மேல் சந்தனப் பூச்சு, பின்னால் வெறும் சுவர். படத்தின் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருந்தது. அழுத்தமான ஆதாரம்தான். சலீமுக்குச் சப்பென்று போயிற்று.

பிரேமலதாவோ போனைத் திருப்பித் தரவில்லை.

"தலையில சந்தனம் எதுக்கு?"

"எரிச்சலுக்கு மேடம். குளிர்ச்சியா இருக்குமில்ல?"

"கம்பளி போத்தி நடுங்கினவனுக்கா?"

கோபி போனை வாங்கக் கை நீட்டினான்.

"அப்பனுக்கு மொட்டை போட்டவன் சந்தனம் பூசமாட்டான். வேண்டுதல் மொட்டைக்குத்தான் அது. சலீம், தோள் பக்கம் பெருசு பண்ணுங்க."

சலீம் விரல்களால் படத்தை விரித்தார். வெட்டுப்பட்ட ஓரத்தில், கோபியின் தோளைப் பற்றியபடி நான்கு பிஞ்சு விரல்கள்!

"மேடம், கொழந்தை! விரல் பூரா சந்தனம்!"

"அடப்பாவி! போன மாசம் புள்ளைக்கு மொத மொட்டை போட மலைக்குப் போனியே, அதுவா இது?" என்றாள் பச்சையம்மாள்.

"துக்க வீட்டுக்காரன் ஒரு வருஷம் மலை ஏறமாட்டான்" என்றார் பிரேமலதா நிதானமாக. "நீ கூசாம ஏறியிருக்கே. ஊருக்குத்தான் உன் வீட்டுல சாவு. உனக்கில்ல. அவரு எங்கே?"

கோபி நாற்காலியில் சரிந்தான். "நாயுடுபேட்டையில ஒரு முதியோர் இல்லம்... வேற பேர்ல சேர்த்தேன். போனைப் புடுங்கி வச்சிக்கினேன்."

"அந்த இல்லத்தோட நம்பரைச் சொல்லு."

சலீம் போன் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினார். எடுத்தவரிடம் கோபி வைத்த பெயரைச் சொல்லி, மகள் பேசுவதாகச் சொன்னாள் பச்சையம்மாள். நெடுநேரம் கழித்து ஒரு கரகரத்த குரல்:

"யாரு, பச்சையா? துன்னியா மே?"

"நைனா..." என்று தேம்பியபடியே விஷயத்தைக் கொட்டினாள்.

"செத்தவங்க லிஸ்ட்டுலயா? எத்தினியாவது பேரு?"

"ஏழாவது."

"ஆறாவது யாரு?"

"நம்ம வெங்கடசாமி மாமா."

"பட்டா போராட்டத்துல பாதியில ஓடிப்போனவன். அவனுக்குப் பின்னாடியா என்னைப் போட்டீங்க? மொதல்ல அடிங்கடி அதை! வந்து என்னைக் கூட்டிக்கினு போ. நெலத்துல தண்ணி கட்டணும்."

பிரேமலதாவின் சிவப்புப் பேனா அதற்குள் ஏழாவது வரியை அடித்து முடித்திருந்தது.