ஒரே ஒரு மயில்கழுத்து

"பாஷா பாய் போட்ட சாயம் மாறாது" என்று காஞ்சிபுரத்து நெசவாளர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஆறாம் வகுப்பு படிக்கும் நஸ்னீனின் தலை கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். சாயப்பட்டறை அஹமது பாஷா அவளுடைய அப்பா ஆயிற்றே!

ஒரு சனிக்கிழமை காலையில் அந்தப் பெயருக்கே ஆபத்து வந்தது.

நெசவாளர் கைலாசம் ஒரு கட்டுப் பட்டுநூலோடு பட்டறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவர் மகள் காவேரி. நஸ்னீனும் காவேரியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

"பாய், இது முதல்ல போட்ட அந்த மயில்கழுத்து நிறம் இல்லபா" என்றார் கைலாசம். "புடவை முக்கால்வாசி முடிஞ்சுது. ஊடை நூல் பத்தலன்னு மறுபடி சாயம் போடச் சொன்னேன். இதைப் போட்டா நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். புடவை கேட்டவங்க வீட்டுல பத்து நாள்ல கல்யாணம். தறி நின்னுக்கினு இருக்குது."

ஊடை என்றால் தறியில் குறுக்கே ஓடும் நூல். அதில் நிறம் மாறினால் புடவை வீண்.

அப்பா லேப்டாப்பைத் திறந்தார். சாயக் கை பட்டுப் பட்டு எழுத்தெல்லாம் மறைந்த அதில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று அவருக்கும் நஸ்னீனுக்கும் மட்டும்தான் தெரியும்.

"பாருங்க, உங்க பேருக்கு நேரா இருக்கிற அளவைத்தான் போட்டேன். நீலம் நாற்பது கிராம், பச்சை பன்னிரண்டு." சொல்லும்போதே அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. நஸ்னீனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்பா தலைகுனிந்து நின்று அவள் பார்த்ததே இல்லை.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். நீளமான ஒரே அட்டவணை. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி. அந்த வரியிலேயே நெசவாளர் பெயர், ஊர், போன், நிறம், சாய அளவு எல்லாம் இருந்தன. 'மயில்கழுத்து' என்று தேடினாள். ஒன்பது வரிகள் வந்தன.

"அப்பா! மயில்கழுத்துக்கு மூணு அளவு இருக்குது!"

அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கோடையில புது டப்பா வந்துச்சுமா. சாயம் ரொம்ப ஏறுச்சு. அளவைக் குறைச்சேன். அப்போ தென்னேரிக்காரர் ஆர்டர் ஓடிக்கினு இருந்துச்சு, அந்த வரியில மட்டும் மாத்தினேன். அப்புறம் இன்னொரு தடவை வேற ஒரு வரியில மாத்தினேன். மத்ததெல்லாம் பழசாவே நின்னுபோச்சு."

"கைலாசம் மாமாவுக்கு முதல்ல எந்த அளவு போட்டீங்க?"

"மனசுல இருந்ததைப் போட்டேன். அதுதான் இப்போ மறந்துபோச்சு."

"விடு பாய், யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் கைலாசம். ஆனால் அவர் முகத்தில் கவலைதான் இருந்தது.

நஸ்னீன் யோசித்தாள். "அப்பா, மூணு அளவையும் சின்னச் சின்னதா போட்டுப் பார்க்கலாமே? காவேரி, பழைய நூல் ஏதாவது மிச்சம் இருக்குதா?"

காவேரி பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய், பழைய நூல் கொஞ்சம் சுற்றியிருந்த தார்க்குச்சியோடு திரும்பினாள்.

அப்பா மூன்று சின்னச் சட்டிகளில் மூன்று சாயம் கொதிக்கவைத்தார். நூல்கள் காய்ந்ததும் எல்லோரும் வாசல் வெளிச்சத்துக்கு வந்தார்கள். முதல் நூல் இருண்டுபோயிருந்தது. மூன்றாவது வெளுத்துப்போயிருந்தது. இரண்டாவதைப் பழைய நூலோடு சேர்த்து முறுக்கிய காவேரி, "இதுல எது பழசு?" என்று தானே கேட்டாள்!

"அடி சக்கை! இதுதான்பா!" என்று கைலாசம் கைதட்டினார்.

அப்பா அந்த அளவிலேயே தேவையான நூலுக்கெல்லாம் சாயம் போட்டுக் கொடுக்க, சாயங்காலம் தறி மறுபடி ஓடியது. வேடிக்கை பார்க்கப் போன நஸ்னீன் தறியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் மயில்கழுத்து நாடாவைக் கைலாசம் வீச, காவேரியின் அம்மா கமலவேணி அரக்குக் கரைக்கான நாடாவை வீசினார்.

"அத்தை, கரைக்குத் தனி நாடாவா?"

"பின்ன? உடம்பு நூலு வேற, கரை நூலு வேற. ஒண்ணுமேல ஒண்ணு ஏறினா ரெண்டும் கெட்டுப்போகும்மா. தனித்தனியா ஓட்டி, சேர்ற இடத்துல கோர்த்துடுவோம்."

நஸ்னீன் துள்ளி எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் பட்டறைக்கு ஓடினாள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு காவேரி பின்னால் ஓடினாள்.

"அப்பா, நாம எல்லாத்தையும் ஒரே வரியில போட்டுக் குழப்பிட்டோம்! நிறத்துக்குத் தனி அட்டவணை வேணும். ஒரு நிறம், ஒரு நம்பர், ஒரே ஒரு அளவு. நெசவாளருக்குத் தனி அட்டவணை. அவங்களுக்கும் ஆளுக்கு ஒரு நம்பர். ஆர்டர் அட்டவணையில அந்த நம்பருங்களை மட்டும் எழுதிக் கோர்த்துடலாம்."

அப்பா தாடியைச் சொறிந்தார். "மூணு இடத்துல தேடணுமா? வேலை அதிகமாகாதாமா?"

"பார்க்கிறதுதான் மூணு இடம்பா. திருத்தறது ஒரே இடம்!"

அப்பா அவளையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் துடைத்து, "உட்காருமா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காவேரி படிக்க, நஸ்னீன் தட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்! மாகறல் கண்ணாயிரத்துக்கு மட்டும் மூன்று போன் நம்பர்கள் இருந்தன.

"அவருக்கு எதுக்குமா மூணு போனு? இருக்கிற ஒண்ணையே எடுக்க மாட்டாரு" என்றார் அப்பா. மூன்றுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அதிசயமாகக் கடைசி நம்பரில் கண்ணாயிரமே எடுத்தார். அந்த நம்பர் மட்டும் தங்கியது.

இருட்டும் முன் வேலை முடிந்தது. முப்பத்தொரு நிறங்கள், ஐம்பத்தாறு நெசவாளர்கள். மயில்கழுத்து ஏழாம் நம்பர். ஒன்பது இடத்தில் இருந்தது இப்போது ஒரே இடத்தில் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் கைலாசம் முடிந்த புடவையோடு வந்து, அதைப் பாயில் விரித்தார். பட்டறையே பளபளத்தது.

"பாய், பழைய நூல் எங்க முடிஞ்சு புது நூல் எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுங்க பார்ப்போம்."

முப்பது வருடம் நிறம் பார்த்த கண்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயின. திரும்பி வந்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தெரியலையே!" என்றார். தோற்றவர் முகம் இப்படி மலர்ந்து நஸ்னீன் பார்த்ததே இல்லை.

"பாஷா பாய் போட்ட சாயம் மாறுமா?" என்று கைலாசம் சிரித்தார்.

"மாறாது" என்றார் அப்பா, மகளின் தோளை அணைத்துக்கொண்டு. "ஏன்னா, அதை எழுதி வெச்சிருக்கிறது என் பொண்ணு!"

நஸ்னீனின் தலை நிமிர்ந்தது. இந்த முறை கொஞ்சமாக அல்ல.