பவத் கோட்டைக்குள் போகவில்லை

சூரியபிரகாஷ் மூன்று நிபந்தனை போட்டான். வீடியோ கேமைக் கீழே போடக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சுவர்ப் பத்திரிகையில் 'சூப்பர்' என்று எழுத வேண்டும்.

"முதல் ரெண்டும் சரி" என்றாள் பவதாரிணி. "மூணாவது, வெளையாடிப் பாத்துட்டுத்தான்."

இருவரும் விளாங்குடியில் ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு. முத்துமீனா டீச்சர் வகுப்பில் நடத்தும் சுவர்ப் பத்திரிகையில் 'முதல் பார்வை' என்று ஒரு பகுதி உண்டு. வாரம் ஒருவர், தான் புதிதாகப் பார்த்த எதையாவது பற்றி எழுதலாம். போன வாரம் திவ்யா, ஆரப்பாளையத்தில் புதிதாகத் திறந்த புரோட்டா கடையைப் பற்றி எழுதி எல்லோருக்கும் பசியைக் கிளப்பியிருந்தாள். இந்த வாரம் பவதாரிணியின் முறை. சூரியபிரகாஷுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கேமைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தாள்.

கேம் பென்சில் டப்பா அளவுதான் இருந்தது. நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். திரையில் மலை, மேகம், தூரத்தில் ஒரு பொன்னிறக் கோட்டை.

முதலில் பெயர் கேட்டது. ஆங்கிலத்தில் ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை. பவதாரிணி பாதியிலேயே நின்று 'பவத்' ஆனாள்.

அடுத்து, நீ எந்தக் குலம் என்று கேட்டது. ஒளிக்குலம், காற்றுக்குலம், மண்குலம். மண்குலப் பெண்ணுக்குச் சுருட்டை முடி, கையில் மண்வெட்டி. அந்த முடி பவதாரிணியின் முடி போலவே இருந்தது. அதையே எடுத்தாள்.

காட்டில் ஆட்டோ அளவு நத்தை ஒன்று அவளைத் துரத்தியது. துரத்துவது நத்தை என்பதால் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அதை ஜெயித்து, ஆற்றைத் தாண்டி, மழையில் நனைந்து, கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

வாசலில் ஈட்டியோடு நின்ற காவல்காரன் சொன்னான்: "மண்குலத்தார் இந்த வழியே வரக் கூடாது. பின்வாசலுக்குப் போ."

பொத்தானைத் தப்பாக அழுத்திவிட்டோமோ என்று நினைத்தாள். இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். அதே பதில்.

அப்பாவின் போனை எடுத்து சூரியபிரகாஷைக் கூப்பிட்டாள்.

"கோட்டைக்குள்ள விட மாட்டேங்குறான்."

"எந்தக் குலம் எடுத்த?"

"மண்ணு."

"அதான். பின்வாசல்ல போ. ரெண்டே நிமிசம், அம்புட்டுத்தான்."

"நான் ஏன் பின்வாசல்ல போகணும்? நத்தைய ஜெயிச்சுட்டுத்தான வந்தேன்?"

"ஏய், அது வெறும் கேமு."

"கேமுன்னாலும் என்னையத்தான சொல்றான்?"

மிக்சியைக் கழற்றிப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்த அப்பா பீமாராவ் நிமிர்ந்தார். "என்னம்மா?"

"கோட்டைக்குப் பின்வாசல் வழியா வரச் சொல்றாங்கப்பா."

அப்பாவின் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. "நீ என்ன செய்யப் போற?"

"போக மாட்டேன்."

அப்பா மிக்சியை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, வேற எங்க போறன்னு பாப்போம்."

பவத் கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருந்தது. நீலநிற மீன்கள் துள்ளின. கரையில் ஒரு படகு கட்டிக் கிடந்தது. அதில் ஏறப் போகும்போது மணி ஆறாகிவிட்டது.

திங்கட்கிழமை அவள் எழுதிக்கொண்டு வந்தது இதுதான்:

'இந்தக் கேமில் மழை அழகாகப் பெய்கிறது. நத்தை நல்ல நத்தை. ஆனால் மண்குலத்தை முன்வாசலில் விட மாட்டார்களாம். பின்வாசலில் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. அதனால் கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வெளியே நன்றாக இருக்கிறது. பத்துக்கு ஆறு மார்க். வாசலைத் திறந்தால் பத்து.'

சூரியபிரகாஷ் படித்தான். முகம் சிவந்தது. "வாசல் கதைய எடுத்துரு. என் கேமைக் கேவலப்படுத்தாத."

"ஒன் கேமைச் சொல்லல. அந்தக் காவக்காரனச் சொன்னேன்."

"எடுக்கலேன்னா இனிமே கேம் தர மாட்டேன்."

பவதாரிணிக்கு அந்தப் படகு ஞாபகம் வந்தது. அதில் இன்னும் ஏறவே இல்லை.

"தராத" என்றாள். குண்டூசிகளை எடுத்து, தாளின் நான்கு மூலையிலும் அழுத்திக் குத்தினாள்.

முத்துமீனா டீச்சர் வந்து படித்தார். "முழுசா விளையாடாம எழுதிட்டியேம்மா?"

"முழுசா விளையாட அந்தக் காவக்காரன் விடல டீச்சர்."

டீச்சர் இன்னொரு தடவை படித்தார். "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் சூரியபிரகாஷ் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. வியாழக்கிழமை காலையில் அவனே வந்து பக்கத்தில் நின்றான்.

"நான் ரெண்டு தடவ கேம முடிச்சிருக்கேன். ரெண்டு தடவையும் ஒளிக்குலம். அந்தக் காவக்காரன் எனக்கு சல்யூட் அடிப்பான்."

"அதுக்கு?"

"நேத்து மண்குலம் எடுத்துப் பாத்தேன்."

"விட்டானா?"

"விடல. மூணு தடவ கேட்டேன். கோவம் வந்து மண்வெட்டியால ஒரு போடு போட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல."

பவதாரிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அப்புறம் பின்வாசல்ல போனியா?"

"நான் ஏன் போகணும்?" என்றான் அவன் வெடுக்கென்று. பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஏரிப் பக்கம் போனேன். படகு இருக்கு. ஆனா ஓட்டத் தெரியல. ஒரே இடத்துல சுத்துது."

"சனிக்கிழமை கொண்டா. சேந்து ஓட்டிப் பாப்போம்."

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தவள், சுவர்ப் பத்திரிகை முன்னால் நின்றாள். அவள் எழுதியதற்குக் கீழே பென்சிலில் ஒரு வரி புதிதாக இருந்தது.

'நானும் போய்ப் பார்த்தேன். இது உன்மை. - சூரியபிரகாஷ், 6 பி.'

பவதாரிணி பேனாவை எடுத்து 'உன்மை'யை 'உண்மை' என்று திருத்தினாள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டாள்.