மேகலா மூடாத டேப்கள்

"ஆஃப் பண்ணுண்ணா, சொல்றன் பாரு..."

"கை வெக்காத ஜெயா, அது ஓடிட்டு இருக்குது..."

"நாப்பது நாளா ஓடுது. தொட்டா சுடுது. செத்தவங்க பொருளை இப்படியா..."

"கம்முனு இரு. அவ வேலை இன்னும் முடியல."

அந்தக் கடைசிப் பேச்சில் ஜெயப்ரியா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அண்ணன் குருமூர்த்தி ஒரு மாதமாகப் போச்சம்பள்ளிக் கம்பெனிக்குப் போகவில்லை என்று அம்மா போனில் அழுததால், காலையிலேயே ஓசூரில் பஸ் ஏறிக் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தாள். வந்து பார்த்தால், பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, செத்துப்போன அண்ணி மேகலாவின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

மேகலா கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, மாங்கூழ் ஆலைக் கழிவுநீரைப் பற்றி ஆராய்ச்சி செய்துவந்தவள். படிக்க வேண்டிய கட்டுரைகள் பாதித் திரைக்கு நிற்கும். மீதியில் வீட்டு வேலை. யார் எதைக் கேட்டாலும் பிரவுசரில் அதற்கொரு டேப் திறந்து வைப்பாள். வேலை முடியும்வரை மூடமாட்டாள்.

"இத்தனை திறந்து வெச்சா எது எங்கன்னு எப்படி அண்ணி தெரியும்?" என்று ஜெயப்ரியா ஒருமுறை கேலி செய்ததுண்டு.

"ஒவ்வொண்ணும் ஒரு ஆளு ஜெயா. மூடுனா அந்த ஆளை மறந்துருவேன்" என்று சிரித்தாள் மேகலா.

குருமூர்த்தி திரையைப் பார்த்தபடியே பேசினான்.

"காரியம் முடிஞ்ச அன்னிக்கு டேப்பையெல்லாம் எண்ணுனன். அறுபத்தொண்ணு. மறுநாள் அம்பத்தெட்டு."

"நெட் போயிருக்கும்."

"அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்குப் பதிஞ்சாச்சுன்னு ஆஸ்பத்திரிலருந்து போன் வந்துச்சு. அந்த டேப் இல்ல. நான் பதியல. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

போன செவ்வாய்க்கிழமை, மகன் சந்தோஷுக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்ததாக ஜெயப்ரியாவின் போனுக்கும் மெசேஜ் வந்திருந்தது. நான் விண்ணப்பமே போடலம்மா என்று அவன் சத்தியம் செய்தான். பொய் சொல்கிறான் என்று அவனைத் திட்டியிருந்தாள்.

"சந்தோஷு ஹாஸ்டலு..."

"செவ்வாக்கிழமை மூடுச்சு."

லேப்டாப்புக்குள் விசிறி வேகமெடுத்தது. அறையில் புளித்த மாங்கூழ் வாசனை பரவியது. ஆலைகளுக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வரும் நாட்களில் அண்ணியின் சேலையில் ஒட்டிக்கொண்டு வரும் அதே வாசனை.

இது நவம்பர். மாம்பழ சீசன் முடிந்து ஆலைகள் மூடி மாதக்கணக்காகிறது.

வலதுகோடி டேப் தானாக மூடிக்கொண்டது.

"இப்ப எத்தனை?" என்று கிசுகிசுத்தாள்.

"ஒம்போது."

குனிந்து பார்த்தாள். மிக்சி ரிப்பேர். பர்கூர் பஸ் நேரம். கொத்தமல்லி வளர்ப்பது எப்படி. எதிலும் அண்ணியின் சாயல் இல்லை.

"அண்ணி இதையெல்லாமா தேடுனாங்க?"

"நான் திறந்தது."

"என்னாத்துக்கு?"

"போன வாரக் கடைசில ஒண்ணுதான் மிச்சம். அதுவும் முடிஞ்சா போயிருவா ஜெயா. அதான் தினமும் வேலை வைக்கறன். வெச்சா வந்து முடிச்சுக் குடுக்கறா."

"உசுரோட இருந்தப்ப நாம வெச்சது பத்தலயா?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அந்த மிச்ச ஒண்ணு எது?"

"அதைப் பாக்காத."

இடதுகோடியில் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் திறந்தது. ஜெயப்ரியா அதைத் தொட்டாள். டாக்டரைப் பார்க்க நேரம் கேட்கும் ஆஸ்பத்திரிப் படிவம். தேதி, மார்ச் மாதத்தில் ஒரு நாள். பெயர்கூட எழுதவில்லை. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் இரண்டு சொற்றொடர்கள்.

மார்பில் கட்டி. வலி இல்லை.

"ஏழு மாசம்" என்றாள் ஜெயப்ரியா. "ஏழு மாசம் இதைத் திறந்து வெச்சுக்கிட்டா எம்பையனுக்கு ஹாஸ்டல் தேடுனாங்க?"

"கூட வாங்கன்னு ரெண்டு வாட்டி கேட்டா. ஷிப்ட் இருக்குது, அடுத்த வாரம் பாக்கலாம்னன். எங்கன்னுகூட நான் கேக்கல."

விசிறி மூச்சிரைக்கிற மாதிரி ஓடியது.

பிறகு குருமூர்த்தி கையை நீட்டினான். தான் திறந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினான். கொத்தமல்லி. பஸ் நேரம். மிக்சி. கடைசியான எட்டாவதற்கு வந்ததும் விரல் நின்றது. ஜெயப்ரியா அவன் தோளில் கை வைத்தாள். அதையும் மூடினான்.

விசிறி நின்றது.

நாற்பது நாளாகச் சுட்டுக்கொண்டிருந்த பெட்டியை ஜெயப்ரியா தொட்டுப் பார்த்தாள். கிணற்றுக் கல்லைப்போல் சில்லிட்டிருந்தது.

விசைப்பலகையில் ஒரு எழுத்து அழுந்தியது.

இன்னொன்று.

யாரும் தொடவில்லை. படிவத்தில் பெயர் விழுந்தது. மேகலா. வயது விழுந்தது. முப்பத்தெட்டு. அவசரமே இல்லாமல், இனி யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதுபோல நிதானமாக விழுந்தது.

உடன் வருபவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்து நின்றது. சின்னக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டே காத்திருந்தது.

ஜெயப்ரியா பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குருமூர்த்தி அசையவில்லை. அந்தக் கட்டத்தில் தன் பெயரை அடித்தான். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியின் பக்கம் மெல்லத் திரும்பினான்.

"லீவு போட்டுட்டன் மேகலா. எத்தனை மணிக்குப் போவணும், சொல்லு."